சேராத கோலம்

அந்த வாரத்துக் காலண்டர் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நான்காம் வகுப்பில் படித்தபோது, கிழித்த தாளின் பின்புறம் அன்றன்று நடந்ததை எழுதிவைப்பேன். ஐப்பசி மாதம். ‘திங்கள்: சுண்டுவிரல். செவ்வாய்: கட்டைவிரல். வியாழன்: இரண்டு விரல்.’

முதலியார்பேட்டையில் பெரியப்பா வீடு கட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் உத்தரவு போடுவதிலிருந்து ஓய்வு பெறவில்லை. மண்வேலைக்கு மேஸ்திரி என் அப்பா. வேலை பார்த்த மில் மூடிய பிறகு பழகிய தொழில். அம்மா அங்கேயே மண் சுமந்தாள். தரைக்கடியில் கார் நிறுத்துவதற்காக ஆளுயரத்துக்கும் மேலாகத் தோண்டியிருந்தார்கள். தோண்டிய மண்ணில் பாதிக்கு மேல் மணல்.

“கரைய சரிவா வெட்டணும்ணே. மண்ண பள்ளத்துலேர்ந்து தள்ளிக் கொட்டணும்.”

“சரிவா வெட்டுனா எடம் பூடும்டா. கன்னி மூல ஒசரமா இருக்கணும்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. அங்கயே கொட்டு.”

அப்படித்தான் தென்மேற்கு மூலையில், பள்ளத்தின் விளிம்பிலேயே மண் மலையாக ஏறியது. கீழே கரை சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. அப்பா அதையே மூன்று நாள் சொன்னார். அண்ணனிடம் தம்பி எத்தனை முறை சொல்வது? சொல்லிச் சொல்லி அவர் ஓய்ந்தார். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் காது மரத்துப்போனது.

பிறகுதான் குவியலுக்குப் பின்னால் தரையில் ஒரு விரிசல் ஓடியது. பிற்பகலில் அப்பாவுக்கு அரியாங்குப்பத்தில் வேறு வேலை. அதனால் என்னிடம் சொன்னார்: “ஸ்கூல் வுட்டு வந்ததும் அதுல எத்தினி வெரல் போவுதுன்னு பாத்து எழுதி வையி.” எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமைக் கணக்கைப் பார்த்ததும் அவர் பெரியப்பாவிடம் போனார். “நாளைக்குப் பூஜ முடியட்டும், அப்பறம் உன் சரிவ வெட்டிக்க” என்று பதில் வந்தது. அதுவரை பள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை, அஸ்திவாரத்துக்கு முதல் கல் வைக்கும் கடைக்கால் பூஜை. விருந்தினர் வரும் வழியில் பூமி பிளந்து கிடந்தால் நல்லதா? பெரியப்பா சொன்னபடி, அம்மா விடியலில் விரிசலில் சேறடைத்து, சாணம் மெழுகி, அதன் மேல் பெரிய கோலம் போட்டிருந்தாள். அப்பா ஐயரை அழைத்துக்கொண்டு வந்தபோது நான் ஓடிப்போய்க் கணக்கு ஒப்பித்தேன்.

“விரிசலே இல்லப்பா. மூடிக்கிச்சு. ஆனா அம்மா போட்ட கோலந்தான் சேரவே இல்ல.”

நடுவில் எல்லாக் கோடுகளும் அறுபட்டு, ஒரு பாதி சற்றுக் கீழே இறங்கியிருந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

“அம்மா எங்க?”

“கீழ. கல்லு வெக்கற எடத்த கூட்டுது.”

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “ஏய், மேல வா! வெளக்கமாத்தப் போட்டுட்டு வா!”

“நல்ல நேரத்துல ஏன் இப்படிக் கத்துற? ரெண்டு கூட்டு கூட்டிட்டு வரேன்.”

அவர் ஏணியில் பாதி இறங்கி, அவள் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் மேலே வந்து நிற்பதற்குள் கரை சரிந்தது. சத்தம் அதிகமில்லை, மூட்டையிலிருந்து அரிசி கொட்டுகிற மாதிரிதான். குவியல், கோலம் எல்லாம் உள்ளே போயின. ஏணியின் மேல் இரண்டு படிகள் மட்டும் தெரிந்தன.

நல்ல நேரத்தில் கத்தியதால்தான் அபசகுனம் என்று பெரியப்பா அப்பாவைத் திட்டினார். அப்பா யாரையும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்து மேலிருந்து சரிவாக வெட்டத் தொடங்கினார்.

அன்று மாலை அம்மா என் தாளை வாங்கிப் படித்தாள். ‘வெள்ளி: விரிசல் இல்லை. அம்மா கோலம் சேரவில்லை.’ திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் கோலத்தைக் குறை சொல்லிவிட்டேன், அதுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். ரப்பரைத் தேடி எடுத்து, அந்த இரண்டாவது வரியைத் தாள் கிழியும்வரை அழித்தேன்.