படித்தேன் என்று சொன்ன அக்கா

என் வலைப்பூவில் நான் எழுதிய முதல் பதிவு கறிவேப்பிலை பற்றியது. திருமணமாகி டெல்லியின் துவாரகாவுக்கு வந்த புதிது. கணவருக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. எனக்கு இந்தி தெரியாது. காய்கறி வண்டிக்காரரிடம் கறிவேப்பிலையைக் காற்றில் வரைந்து காட்டித் தோற்றுப்போனதை எழுதி வைத்தேன். யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். மறுநாள் மதியம் அதன் கீழே ஒரு பின்னூட்டம் இருந்தது. “கடி பத்தா என்று கேள், கண்ணு. கொத்தமல்லியோடு கொசுறாகவே கொடுப்பார்கள். மயூர் விஹாரிலிருந்து அக்கா.” தலைநகரில் எனக்கென்று யாரோ சொன்ன முதல் வார்த்தை அது.

அக்கா கோயமுத்தூர்க்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. மதியச் சாப்பாட்டு நேரத்தில், டெல்லியிலிருந்து தமிழில் வலைப்பூ எழுதிய எங்கள் எல்லோருடைய பதிவுகளையும் படித்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரியாவது எழுதிவிடுவார். வெறும் ‘அருமை’ என்று ஒருநாளும் எழுதியதில்லை. அவருக்குப் பதில் சொல்ல வந்தவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லத் தொடங்கினோம். முதல் பின்னூட்டம் போடுகிறவருக்கே வடை என்பது அந்நாளைய வலைப்பூ வேடிக்கை. எங்களை வீட்டுக்கு அழைத்தபோது அக்கா நிஜமாகவே வடை சுட்டு வைத்திருந்தார். நீங்கள் ஏன் எழுதுவதில்லை என்று அன்று கேட்டேன். “எழுதறதுக்கு இத்தனை பேர் இருக்கீங்க. படிச்சேன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமல்ல?” என்றார்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய பின்னூட்டங்கள் நின்றுபோயின. என் பதிவு பிடிக்கவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு லக்ஷ்மிபாய் நகர் சார் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற அதிகாரி; அலுவலக நாட்களைப் பற்றி எழுதுகிறவர். “உங்களுக்கும் வரலையாம்மா?” என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே இருவரும் மயூர் விஹாருக்குப் போனோம்.

கதவைத் திறந்தது மகள். அக்கா கறுப்புக் கண்ணாடி அணிந்து நாற்காலியில் இருந்தார். சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தக் கசிவு. அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. இனி தெரியவும் வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம். மகள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அக்கா தன் கண்ணைப் பற்றி அதிகம் பேசவில்லை. விட்டுப்போனதையெல்லாம் படித்துக் காட்டு என்றார். நான் என் பதிவுகளைப் படித்தேன். சார் தன்னுடையதை, மேலதிகாரிக்குக் கோப்பு வாசிக்கிற குரலில் வாசித்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். மகள் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். விடைபெறும்போது லிஃப்ட் வரை கூட வந்து, “ஆன்ட்டி, இதை ரெக்கார்ட் பண்ணிப் போட முடியுமா? அம்மா சிரிச்சு ரொம்ப நாளாச்சு,” என்றாள்.

அப்படித்தான் எங்கள் பதிவுகளின் கீழே குரலும் சேர்ந்தது. வெளியூர்க்காரர்கள் சிலர் இது எதற்கு என்று கேட்டார்கள். நாங்கள் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அக்கா கேட்டுவிட்டுப் பதில் சொல்வார், மகள் ஆங்கில எழுத்தில் தட்டுவாள், கணினி அதைத் தமிழாக்கும். “நேற்று இங்கே நல்ல மலை பெய்தது” என்று ஒருநாள் வந்தது. அக்காவால் திரையைப் பார்க்க முடியாது, பார்க்கிற மகளுக்குப் படிக்கத் தெரியாது. பிழையை யார் சொல்வது? லக்ஷ்மிபாய் நகர் சார், ஒரு கால்புள்ளி தவறினாலும் பொறுக்காதவர், “எங்கள் பக்கமும் நல்ல மலை” என்று பதில் எழுதினார். அதன்பிறகு எங்கள் வட்டத்தில் மழை என்று எழுதியவர்களே இல்லை.

ஆண்டுகள் போயின. பலர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். எழுதியதன் சுட்டியை இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. திறந்து படித்தார்களா என்பது தெரிவதில்லை. அக்கா இருந்தவரை எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. சென்ற குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். சார் கைத்தடியோடு வந்து மாலைவரை உட்கார்ந்திருந்தார்.

சில வாரங்கள் கழித்து, மெட்ரோவில் பார்த்த ஒரு சண்டையைப் பற்றி எழுதிப் போட்டேன். மறுநாள் அக்காவின் மகள் அழைத்தாள். வீட்டு விஷயமாக ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். குரல் பதிவைக் காணோமே என்றாள். அம்மாதான் இல்லையே, இனி யாருக்கு என்று விட்டுவிட்டேன் என்றேன்.

“இத்தனை வருஷம் நானும்தானே கூட உட்கார்ந்து கேட்டேன் ஆன்ட்டி,” என்றாள். “எனக்குத் தமிழ் படிக்க வராதுல்ல.”

சமையலறையின் எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்தினேன். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, தலைப்பிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.