உங்களுக்கு முறை, எனக்கு முயல்குட்டி

முயல்குட்டி முதல் தடவையாக என் கையிலிருந்து புல் தின்ற காலையில்தான் பஞ்சவர்ணம் அக்கா போய்விட்ட செய்தி வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, நானாகப் போய் வாங்கிக்கொண்டேன். குட்டி தின்றுவிட்டது என்று சொல்லத்தான் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, நம்மோடு வேலை பார்க்கிற மும்தாஜ் எடுத்தாள். "அக்கா விடியக்காலையில போயிருச்சு ராக்கு. பதறாம பஸ் ஏறி வா" என்றாள். என் கையில் இன்னும் நாலு புல் மிச்சம் இருந்தது.

அக்காவைப் பற்றி எழுதிக் கொடு, முப்பதாம் நாள் அன்று வாசிக்கலாம் என்று நம் குடோன் ஆட்கள் கேட்டீர்கள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். அழகாக எழுத வராது. உள்ளதை எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் அந்த வெங்காயக் குடோனில் அக்காவும் நானும் பதினாறு வருசம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அறுத்து, பெரிசு சிறிசு பிரிக்கிற வேலை. போன வருசம் என் வீட்டுக்காரர் நாலு மாசம் படுக்கையில் கிடந்து இறந்தார். ஆஸ்பத்திரியில் என்னோடு தரையில் படுத்தவள் அக்கா. காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று அவள் என்னிடம் சொன்னது உங்களில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். "அழணும்னா இங்கனயே அழுதுட்டுப் போ. பழியை வெங்காயம் வாங்கிக்கிரும்." பழகின கண்ணுக்கு வெங்காயம் எரியாது என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

இந்த வருசம் அக்கா கால்வலி என்று சொல்லி வேலைக்கு வராமல் நின்றாள். தினமும் சாயங்காலம் பேகம்பூரில் அவள் வீட்டுக்குப் போய்ச் செத்த நேரம் இருந்துவிட்டுத்தான் நான் என் ஊர் சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறுவேன். ஒருநாள் போனபோது ஓட்டை போட்ட ஆப்பிள் பெட்டி ஒன்று தயாராக இருந்தது. உள்ளே அவள் வீட்டு முயல் போட்ட கடைசிக் குட்டி, சாம்பல் நிறம். அவளுடைய பழைய சுங்குடிச் சீலையைக் கிழித்து அடியில் விரித்திருந்தாள். காய்ந்த அருகம்புல் ஒரு பை நிறைய. எனக்கு எதுக்குக்கா இது, காலையில் போனால் இருட்டித்தான் வாரேன் என்றேன். வெறும் வீட்டுக்குள் போகிறதுக்கு இது தேவலை என்றாள்.

அப்புறம் வரிசையாகச் சொன்னாள். பெட்டியை டிவி பக்கம் வைக்காதே, சுவர் மூலையில் வை. ஒளிந்துகொள்ள ஓர் இடம் விடு. தீனியை மாற்றாதே. காதைப் பிடித்துத் தூக்காதே. முதல் மூன்று நாள் தொடவே தொடாதே, தரையில் உட்கார்ந்து உன் வேலையைப் பார். "பயந்து கெடக்குறதை வெரட்டிப் பிடிச்சா பிடிதான்டி கெடைக்கும், பாசம் கெடைக்காது" என்றாள். எல்லாம் சரியான பேச்சு. கடைசியாகச் சொன்ன ஒன்றுதான் பொய்.

"பத்து நாளைக்கு நீ இங்கிட்டு வராத. நீ இங்க வந்து போனா என் வாசம் உன் சீலையில ஒட்டிக்கிட்டு வரும். குட்டி என்னையவே தேடும், உன்கிட்ட ஒட்டாது. போன்ல பேசிக்கிருவோம்."

நம்பினேன். தினமும் சாயங்காலம் போனில்தான் பேச்சு. பின்னங்காலால் தரையில் தட்டுகிறது என்றால், பயம், நீ பேசாமல் இரு என்பாள். தின்னவில்லை என்றால், நீ பார்க்காதே, தின்னும் என்பாள். ஒருநாள் குடோனில் கிடந்த பச்சை வெங்காயத்தாளைக் கீரைதானே என்று மடியில் கட்டிப்போய் வைக்கப் பார்த்தேன். போனிலேயே கத்தினாள். "அடியே, அது அதுக்கு வெசம். கையைப் புளி போட்டுக் கழுவிட்டு அது பக்கம் போ." அன்றைக்குத்தான் அவள் குரல் பலமாகக் கேட்டது. மற்ற நாளெல்லாம் சன்னமாக இருந்தது. சளி என்றாள். அதையும் நம்பினேன்.

ஒன்பதாம் நாள் அந்தச் செய்தி. நான் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் எல்லாரும் எனக்கு முன்னாலேயே இருந்தீர்கள். அடுப்படியில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தேடாமல் எடுத்தீர்கள். மருந்துச் சீட்டு, உடம்பு துடைக்கிற துணி, கஞ்சிச் சட்டி எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. வயிற்றில் கட்டி, டாக்டர் கைவிரித்துவிட்டார், முறை போட்டு ஆளுக்கு ஒரு நாள் வந்து இருந்தோம் என்று மும்தாஜ் சொன்னாள். எனக்கு மட்டும் முறை இல்லை.

அக்கா வாசம் சீலையில் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் நான் வரவில்லை என்று சொன்னேன். மும்தாஜ் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். "லூசு. நம்ம அம்புட்டுப் பேருக்கும் ஒரே வாசந்தானடி. வெங்காய வாசம். ஆளுக்கு ஒரு வாசம் எங்கிட்டு இருந்து வரும்?"

பதினாறு வருசம் அந்த வாசத்தோடு பஸ்ஸில் போய் வருகிறேன், பக்கத்து சீட்டில் ஆள் உட்கார யோசிப்பார்கள். அது எனக்குத் தோன்றவில்லை. வாசம் ஆகாது என்றவள் ஏன் தன் சீலையையே பெட்டியில் விரித்தாள் என்றும் கேட்கத் தோன்றவில்லை.

ராக்கு ஒருதடவை பார்த்தது போதும், இன்னொரு படுக்கையை அவள் பார்க்க வேண்டாம், யாரும் சொல்லக் கூடாது என்று உங்களிடம் சத்தியம் வாங்கினாளாம். போதும் என்று அவள் எப்படி முடிவு பண்ணலாம்? என் வீட்டுக்காரர் படுக்கைக்கு அவள் தரையில் படுத்தாளே, அவள் படுக்கைக்கு நான் படுக்கக் கூடாதா? நீங்களும்தான். அந்த ஒன்பது நாளும் எல்லாம் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் அறுத்தீர்கள். ஒருநாள் மும்தாஜ் கண்ணைக் கண்ணைத் துடைத்தபோது, என்னடி புதுசாக வேலைக்கு வந்தவள் மாதிரி என்று நான்தான் கேலி பண்ணினேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

அக்கா நல்லவள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நல்லவள் செய்த துரோகம் என்பதால்தான் யாரிடமும் சண்டைக்குப் போக முடியாமல் இப்படி எழுதுகிறேன்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது குட்டியும் அந்தச் சீலைத் துணியும்தான். குட்டி இப்போது நான் கதவைத் திறந்தால் காலைச் சுற்றுகிறது. துணியை நான் துவைக்கவில்லை. இவை எனக்குப் போதாது. ஒன்பது நாள் அக்கா என்ன குடித்தாள், என்ன கேட்டாள், என் பேரைச் சொன்னாளா, அதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. முறை இருந்த ஒவ்வொருத்தியும் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். குடோனிலிருந்து நேராகவே வாருங்கள், குளித்துவிட்டு வர வேண்டாம். குட்டி மிரளாது. நம்ம வாசம் அதற்குப் பழக்கம்தான்.