கையெழுத்து வைத்த பிறகு கேட்டவள்

என் கைப்பைக்குள் எப்போதும் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் ஆணுறைகள். கல்முனையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் கள உத்தியோகத்தர். உடலை விற்றுப் பிழைக்கும் பெண்களைத் தேடிப்போய் நோய்களைப் பற்றிச் சொல்வதும், இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதும், அந்த டின்னிலிருந்து எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. நிந்தவூரில் என் வீட்டில், பெண்களின் சுகாதாரத்துக்கு வேலை செய்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

மனம் ஒப்பிச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஆணுறைப் பெக்கட்டை நீட்டும்போதெல்லாம், போய் வா என்று நானே அனுப்பிவைப்பது போல இருக்கும். வீட்டுக்கு வந்து தொழுகைக்கு நிற்கையில் அந்த முகங்கள்தான் முன்னால் வரும்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற வருடத்தில்தான் அவளைச் சந்தித்தேன். முப்பதைத் தாண்டியவள். இரண்டு பெண் பிள்ளைகள். கட்டாருக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு கதைப்பதையே நிறுத்திவிட்டான். சொந்த ஊரை விட்டு வந்து, தன்னைத் தெரியாத ஊரில் வாடகைக்கு இருந்தாள். அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமைப்பதாக அயலவர்களிடம் சொல்லியிருந்தாள். நான் கொடுத்த பெக்கட்டுகளை வாங்கி அபாயா அங்கிக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ராத்தா, ஒங்கட பேக்குக்குள்ள இதத் தவிர வேற ஒண்டும் இல்லியா?"

பஸ்ஸில் வரும்போது முழுவதும் அந்தக் கேள்விதான்.

ஆகவே, சில மாதங்கள் கழித்து எங்கள் பணிப்பாளர் கூட்டம் வைத்துப் புதுத் திட்டத்தைச் சொன்னபோது முதலில் சந்தோசப்பட்டவள் நான்தான். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். தொழிலை விட விரும்பும் பெண்களுக்குத் தையல் வகுப்பு. முடிவில் ஆளுக்கொரு தையல் மெஷின். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. சேருகிறவர்கள் தொழிலை விட்டுவிட்டதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். அதன் பிறகு அவர்களுக்குப் பெக்கட் கொடுக்கக் கூடாது. விடு என்று சொல்லும் கையாலேயே அதையும் கொடுத்தால் யார் நம்புவார்கள் என்பது திட்டத்துக்குக் காசு தருகிறவர்களின் கேள்வி.

எங்களோடு வேலை செய்த வயதான தாதி ஒருவர் இருந்தார். காரைதீவுக்காரர். எல்லாரும் அவரை மிஸ் என்போம். அவர் மட்டும் எதிர்த்துக் கதைத்தார்.

"தையல் படிப்பிக்கிறது நல்லது. ஆனா இண்டைக்குக் கையெழுத்து வெச்சவள் நாளைக்குப் போகமாட்டாள் எண்டு ஆர் சொன்னது? அவள் வெளிய வந்து சேருமட்டும் குடுக்கத்தானே வேணும்."

"அப்படிக் குடுத்தா ஒருத்தியும் வெளிய வரமாட்டாங்க மிஸ்," என்றேன். பணிப்பாளர் தலையாட்டினார். பெண்களோடு பழகுகிறவள் நான் என்பதால் என் சொல்லுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. நிபந்தனை அப்படியே நின்றது.

என் பையைப் பற்றிக் கேட்டவள்தான் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தாள். அபாயா வெட்டுவதை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். தையல் டீச்சர் அவள் வெட்டிய கழுத்தை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். அவளும் சிரிப்பாள். அவள் சிரித்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு படிக்கட்டில் எனக்காகக் காத்து நின்றாள்.

"ராத்தா, பெக்கட் கொஞ்சம் தாங்க."

"கையெழுத்து வெச்சிரிக்கீங்க தானே?"

"ஓம், வெச்சன். மெஷின் கைக்கு வர இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. அது வரைக்கும் புள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்க? முந்தி மாதிரி இல்ல ராத்தா. கெழமைக்கு ஒரு தரம், ரெண்டு தரம்தான்."

டின் என் பைக்குள்தான் இருந்தது. வேறு பெண்களுக்குக் கொடுப்பதற்காக அன்று காலைதான் நிரப்பியிருந்தேன். பார்மசியில் வாங்கச் சொல்லவும் முடியாது. அந்த ஊரில் ஒரு பெண் போய் அதைக் கேட்டால், அவள் வீடு போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்துவிடும். எல்லாம் எனக்குத் தெரியும்.

"பொறுமையா இரிங்க. அல்லாஹ் வழி காட்டுவான்," என்றேன்.

அவள் என் பையைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று எனக்குக் கவலையே வரவில்லை. ஒருத்தியைப் பாவத்திலிருந்து தடுத்துவிட்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது.

மெஷின் கிடைத்தது. நோன்புப் பெருநாளுக்கு உடுப்புத் தைக்கக் கொடுக்க அயல்வீட்டுப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். நான் பார்க்கப் போனபோது அவள் ஊசிக்கு நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகளில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

"துணிச் சாயம் ஒத்துக்கொள்ளல்ல போல. கடிக்கவும் இல்ல, நோகவும் இல்ல," என்றாள்.

அது சாயமாக இருக்காது என்று எனக்குப் பட்டது. மிஸ்ஸுக்குச் சொன்னேன். மிஸ் வந்து அந்தக் கைகளைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்க மகள்," என்று மட்டும் சொன்னார்.

சிபிலிஸ். ஊசி போட்டால் மாறும் என்றார் டொக்டர். எயிட்ஸ் கிருமி இரத்தத்தில் தெரியவில்லை, ஆனால் மூன்று மாதம் கழித்து வந்து இன்னொரு முறை பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார். ஊசி போட்ட பிறகு அவளும் நானும் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

"அண்டைக்கு ஒங்கட பேக்குக்குள்ள இரிந்திச்சா ராத்தா?"

"ஓம்."

"எனக்குத் தெரியும். ஒங்களுக்குப் பாவம் சேரக் கூடாதெண்டு பாத்தீங்க."

குரலில் கோபமே இல்லை. என்னை மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அவள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் என்று எழும்பினாள்.

அந்த மூன்று மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. இரண்டாவது பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று மிஸ்தான் வந்து சொன்னார். அவளைக் கூட்டிப்போனவரும் அவர்தான். என்னை வரவேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். பிறகு மெஷினையும் பிள்ளைகளையும் கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். தைத்துத்தான் பிழைக்கிறாள் என்று மிஸ் சொல்கிறார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

நடந்ததைப் பணிப்பாளரிடம் சொன்னேன். நிபந்தனையை எடுத்துவிடும்படி கேட்டேன். எடுத்தால் காசு தருகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள், வகுப்பே நின்றுவிடும் என்றார். அதுவும் உண்மைதான். அந்த வகுப்பால் தொழிலை விட்டு வந்தவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். "நீங்க என்ன செய்றீங்க எண்டு நான் கேக்க மாட்டன்," என்று சொல்லி வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

போன மாதம் புதிதாக ஒருத்தி கையெழுத்து வைத்தாள். சின்ன வயது. வாசல் வரை கூடப் போய், யாரும் பார்க்காமல் பெக்கட்டுகள் சுற்றிய ஒரு சிறிய பொதியை அவள் கைக்குள் வைத்தேன். திறந்து பார்த்தவளின் முகம் மாறிவிட்டது.

"நான் விடமாட்டன் எண்டுதான் நீங்களும் நெனைக்கிறீங்களா?"

"அப்படி இல்ல மகள். ஒரு வேள தேவப்பட்டா..."

"தேவப்படாது."

பொதியை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள். பின்வரிசை மெஷினில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் தைத்தாள். இன்று வரை என்னோடு அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.