மாமா காட்டிய தொண்ணூற்றெட்டு

என்னிடம் யாராவது ஆக்சிஜன் பார்க்கும் மெஷினை இரவல் கேட்டால், மெஷினோடு ஒரு பிரசங்கமும் இலவசமாகக் கிடைக்கும். ஈப்போவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. போன மாதம் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர், தன் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று வந்து கேட்டார். துணி காயப்போடும் கிளிப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக, ஓரத்தில் ஒரு கீறலோடு என் கைப்பையில் கிடப்பதை எடுத்து மேசைமேல் வைத்தேன். கொடுத்துவிடவில்லை. முதலில் அவரை உட்காரச் சொன்னேன். அப்பா நடந்து வந்த கையோடு மாட்டாதீர்கள், கொஞ்ச நேரம் சும்மா உட்காரட்டும். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகத்தில் சாயமோ மருதாணியோ இருந்தால் வேறு விரல் பாருங்கள். வெயில் படுகிற இடத்தில் வேண்டாம். கையை ஆட்டக் கூடாது. மாட்டியதும் வருகிற நம்பரை நம்பாமல், அது ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். முடிந்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் உள்பக்கத்தைத் துடையுங்கள், தண்ணீரில் கழுவிவைக்காதீர்கள். நாள்கணக்கில் சும்மா கிடக்கும் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கடைசியாக, நம்பரை நேராகப் பாருங்கள், தலைகீழாகப் பார்த்துவிடாதீர்கள் என்றேன். அதுவரை பொறுமையாக இருந்த ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நம்பர யாராச்சும் தலகீழா பாப்பாங்களா அக்கா?” என்றார்.

நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்க்க வைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இப்போது அவர் இல்லை.

மாமா சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரங்களை வெட்டிச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை நட்ட காலத்தில் லோரி ஓட்டக் கற்றுக்கொண்டு, பாகான் டத்தோ வரைக்கும் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு திரிந்தார். முட்டி தேய்ந்த பிறகு ஈப்போவுக்கு வந்து, லகாட் போகும் சாலையோரம் ஒரு வரிசை வீட்டில் அத்தையோடு ஒதுங்கினார். பிள்ளைகள் இல்லை. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் நாலு நம்பர் எடுப்பது, அதுதான் நாலு இலக்க லாட்டரி. எங்கே எண்ணைப் பார்த்தாலும் அது அவருக்குச் சீட்டுதான். அடிபட்டுக் கிடக்கும் காரின் நம்பர், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் மண்டபத்தின் நம்பர், கனவில் வந்த செத்துப்போனவரின் வீட்டு நம்பர். ஒரு நம்பரை நேராக ஒரு தடவை எடுப்பார், காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை எடுப்பார். இரண்டும் வராது. “திருப்பிப் பாக்காத நம்பர் பாதி நம்பர்தான் லா” என்பார். நான் ஆபீஸ் வேலைக்குப் போனதிலிருந்து என்னைக் கிராணியம்மா என்றுதான் கூப்பிட்டார். தோட்டத்தில் கிராணியைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டவர்கள், எனக்கு மட்டும் இறக்க மாட்டார்கள் என்று நானும் பதிலுக்குச் சொல்வேன்.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் வந்தபோது அத்தை பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். பேச்சு போய்விட்டது. பகலில் வந்து பார்த்துக்கொண்ட பெண்ணால் வர முடியாமல் போனது. சில நாள் ஒத்தாசையாக இருக்கலாம் என்று என் வாடகை அறையைப் பூட்டிவிட்டுப் போனேன். போன இரண்டொரு நாளில் மாமாவுக்குக் காய்ச்சல், சோதனையில் கொரோனா. சுகாதார இலாகா ஆட்கள் வந்து மூன்று பேர் கையிலும் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். கட்டிலைத் தாண்ட முடியாத அத்தைக்கும் அதே உத்தரவு. அவர் கையில் கட்டும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்த வீட்டில் முன்கதவுக்கு இரும்புக் கிரில், சன்னல்களுக்குக் கிரில், கார் நிறுத்தும் இடத்துக்கு மேலும் கிரில், அதற்கப்பால் பூட்டிய கேட். எல்லாம் திருடனுக்குப் பயந்து மாமா ஒவ்வொரு போனஸிலும் போட்டது. திருடன் வரவில்லை, நாங்கள் உள்ளே இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டில் சோற்றுப் பையை மாட்டிவிட்டு, நான் எட்டிப் பார்ப்பதற்குள் ஓடிப்போவார்கள். எதிர் வீட்டு நாய் தெருவில் இஷ்டத்துக்கு நடந்து போவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாய்மேல் பொறாமைப்பட்டதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

மாமா முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை அடுத்த அறையில். நடுவில் பலகைத் தடுப்பு மட்டும்தான். இத்தனை காலமும் அத்தைக்கு மாமாதான் ஊட்டுவார். நான் கரண்டியைக் கொண்டுபோனால் அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு மாமாவே ஒரு வழி கண்டுபிடித்தார். நான் கஞ்சியோடு உட்கார்ந்து பலகையில் ஒரு தட்டுத் தட்டினால், அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: “இந்தாம்மா, வாயத் தொற. நம்ம கிராணியம்மாதான் குடுக்குது, வெசம் கிசம் வெக்க மாட்டா. தொற, தொற.” அத்தை வாயைத் திறப்பார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பேச்சு. லோரி கதை, பழைய சண்டை, செத்துப்போன கோழி என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். கிண்ணம் காலியாகும்வரை அவர் வாய் மூடாது.

கிளினிக் நர்ஸ், எங்கள் பக்கம் மிஸ்ஸி என்போம், தினமும் காலையில் போனில் கூப்பிடுவார். கடையில் சொல்லி வரவழைத்த இந்த மெஷினுக்கு முதல் நாள் பாடம் நடத்தியது அவர்தான். “ரெண்டு நம்பர் வரும், பெர்சன்ட் போட்டிருக்கறது ஆக்சிஜன், இன்னொன்னு நெஞ்சு அடிக்கிறது. மாத்திச் சொல்லிறாதீங்க. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ எறங்குனா ஒடனே எனக்குச் சொல்லணும்” என்றார். நான் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் முன்னறைச் சன்னலுக்கு எதிரே நிற்பேன். மாமா கிரில் வழியாக விரலைக் காட்டுவார். அந்த மெஷினில் மாட்டியவருக்குத்தான் எண்கள் நேராகத் தெரியும். அதனால் அவர் மணிக்கட்டை மடக்கி, விரல் நுனியைத் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பிக் காட்டுவார். 97 என்று நான் போனில் சொல்வேன். “நெஞ்சு எம்பத்திநாலு. தொண்ணூத்தேழு எம்பத்திநாலு, நல்ல நம்பரு, கடைதான் தொறக்கல” என்று உள்ளிருந்து அங்கலாய்ப்பார். மறுநாள் 96. அதற்கடுத்த நாள் 95.

அதன் பிறகு 98 வந்தது. எனக்கு உயிர் வந்தது. மிஸ்ஸியும் நல்லது, தேறுகிறார் என்றார். மறுநாளும் 98. ஆனால் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரல் வேறு கணக்குச் சொன்னது. லோரி கதை நின்றுபோயிருந்தது. “இந்தாம்மா” என்பார், ஒரு இடைவெளி, பிறகு “வாயத்”, பிறகு வெகுநேரம் கழித்து “தொற.” அத்தை அதற்கும் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார். மெஷின் நன்றாக இருக்கிறது என்கிறது, மனிதரால் மூன்று வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. எதை நம்புவது என்று தெரியாமல் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த காலையில் விரலைக் காட்ட அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சன்னலுக்கு உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று திரும்பி விரலை நீட்டினார். 98. மற்ற கைக் கட்டைவிரலால் மெஷினின் பாதியை மூடிப் பிடித்திருந்தார். அப்போது ஒரு இருமல் வந்து கட்டைவிரல் நழுவியது. மூடியிருந்த இடத்தில் 211 என்று இருந்தது. நெஞ்சு இருநூற்றுப் பதினொன்று அடிக்கிற மனிதர் சன்னலோரம் நின்றுகொண்டிருக்க மாட்டார். அப்போதுதான் அவருடைய மணிக்கட்டைக் கவனித்தேன். மடங்கியிருக்கவில்லை. விரல் என்னை நோக்கி நேராக நீண்டிருந்தது. நான் தலையைச் சாய்த்து எண்களைத் தலைகீழாக வாசித்தேன். நெஞ்சு 112. ஆக்சிஜன் 86.

“மாமா, கையத் திருப்புங்க” என்றேன்.

“அதான் பாத்துட்டியே.”

“எத்தன நாளா இந்த வேல?”

86 வரும்வரை உள்ளே காத்திருந்து, வந்த கணத்தில் திருப்பிக் காட்டியிருக்கிறார். எண்ணைத் திருப்பிப் பார்த்தே வாழ்ந்தவருக்கு அது ஒரு பெரிய வேலையா? கையிலிருந்த போனில் மிஸ்ஸியின் அழைப்பு வந்துகொண்டிருந்தது.

“எடுக்காத” என்றார். கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். “நான் போனா... அவ சாப்ட மாட்டா லா. ஒரு நாளு பொறு. நாளைக்குச் சொல்லிக்கலாம்.”

நான் எடுத்தேன். எண்பத்தாறு என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. உடம்பு முழுக்க வெள்ளை உடுப்புப் போட்ட இருவர் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஆக்சிஜன் மாட்டினார்கள். அத்தையின் அறை வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னார். உள்ளே போக விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, “இந்தாம்மா, நான் வாரேன்” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அத்தை வாயைத் திறந்தார். நாற்காலி போன பிறகும் திறந்தபடியே இருந்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நானும் அத்தையும்தான். மாமா வார்டிலிருந்து குரல் பதிவு அனுப்பினார். “இந்தாம்மா, வாயத் தொற” என்று தொடங்கி நடுவில் ஒரு இருமல், பிறகு என்னமோ கொஞ்சம் பேச்சு. நான் போனைப் பலகையோரம் வைத்து ஓடவிடுவேன், அத்தை சாப்பிடுவார். பிறகு மாமாவுக்குத் தொண்டையில் குழாய் போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். புதிய குரல் வரவில்லை. பழையதையே திரும்பத் திரும்பப் போட்டேன். முதலில் சாப்பிட்டார். பிறகு ஒரு வேளை, அதே இருமல் அதே இடத்தில் வந்தபோது, அத்தை தலையை மெல்லத் திருப்பிப் போனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். உதட்டை மூடிக்கொண்டார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், மாமா மாதிரி பேசிக்கூடப் பார்த்தேன். தண்ணீர் மட்டும் பஞ்சில் தொட்டு வைக்க விட்டார். மூக்கு வழியாகக் குழாய் போட ஆள் அனுப்புவதாக மிஸ்ஸி சொன்னார். எல்லா இடத்திலும் ஆள் பற்றாக்குறை.

அத்தைக்கும் தினமும் மெஷின் மாட்டினேன். விரல் சில்லென்றிருக்கும், எண் வராமல் கோடு கோடாக வரும். என் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு மறுபடி மாட்டுவேன். குழாய் போட ஆள் வருவதற்கு முன்பே, ஒரு மத்தியானம், நான் துணி அலசிவிட்டு வந்து பார்த்தபோது போயிருந்தார். அன்று காலையில் அவருக்கு வந்த எண் 96. அதை எப்படித் திருப்பினாலும் 96தான். நல்ல எண். அத்தையின் உடம்பில் ஆக்சிஜனுக்குக் குறைச்சல் இருக்கவில்லை. வேறு எது குறைந்தது என்று சொல்ல அந்த மெஷினில் இடமில்லை.

ஆசிரியை நேற்று மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். துடைத்து, பேட்டரியைக் கழற்றித் தனியாகப் பொட்டலம் கட்டியிருந்தார். “அப்பா நல்லாருக்காரு அக்கா, நேராத்தான் பாத்தேன்” என்றார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நான் செய்தது சரி என்று மிஸ்ஸி சொன்னார், டாக்டர் சொன்னார், சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். இன்னொரு தடவை அந்தக் காலை வந்தாலும் நான் எண்பத்தாறு என்றுதான் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் எங்காவது உட்கார்ந்து வருத்தப்பட்டு முடித்திருக்கலாம்.

அந்தத் தடவை மாமா பிழைத்து வந்தார். அத்தை போனதை வார்டிலேயே போனில் சொல்லியிருந்தேன், “ம்” என்று மட்டும் கேட்டது. வீட்டுக்கு வந்த அன்று சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார், அந்த அறைப் பக்கம் திரும்பவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலில் மெஷினை மாட்டினேன். எண் நிற்கட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

“சாப்டாளா?” என்று கேட்டார்.

இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார் என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. வாய் வரைக்கும் வந்தது.

“சாப்டல மாமா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “நீ உள்ளதச் சொல்லிருவ. தெரியும். அதனாலதான் ஒன்கிட்ட மறைச்சேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன். மாமா மெஷினை விரலிலிருந்து தானே கழற்றி, என் மடியில் வைத்தார்.

“நீ சாப்டியா?” என்று கேட்டார்.