ஈரத்தோடு போட்ட எடை

சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் கறார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மூட்டைகள் வந்து இறங்கும் வாசலில் ஒரு எடைமேடை, அதன் பக்கத்தில் கால் உடைந்து கட்டுப் போட்ட ஒரு ஸ்டூல். ஒன்பது வருஷமாக அதுதான் அவள் இடம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஹோட்டல் துண்டும் மூட்டை மூட்டையாக வரும். கிலோவுக்கு இவ்வளவு என்று கம்பெனி காசு வாங்கும். எடை போட்டு எழுதுவது அவள் வேலை. ஒரு தலையணை உறை குறைந்தாலும் வண்டியை நகர விடமாட்டாள்.

இப்பேர்ப்பட்டவள் கடல் தாண்டி வந்த முதல் மாசம், சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும் என்று கம்பெனி சொன்னதும் சும்மா இருப்பாளா? நான்கு விடுமுறை நாட்கள், நான்கு வங்கிகள். வெயிலில் நடந்தே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்விகள். மாசாமாசம் ஏதாவது பிடிப்பீங்களா? கணக்குல எவ்வளவு கிடக்கணும்? கார்டுக்குக் காசு உண்டா? ஊருக்கு அனுப்பக் கட்டணம் எவ்வளவு? மூன்றாவது வங்கிக்காரர்கள் நான்கு கேள்விக்கும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய வங்கி. போனால் என்ன, கால்தானே வலிக்கும் என்று அங்கேயே கணக்கு வைத்தாள். அதோடு விட்டாளா? கூடத்தில் வேலை பார்க்கும் பெண்களில் பதினோரு பேரை ஒவ்வொருத்தியாகக் கூட்டிப் போய் அங்கே சேர்த்துவிட்டாள்.

சேராதவள் ஒருத்திதான். கறார் அக்காவின் அறையிலேயே எதிர்க்கட்டிலில் படுப்பவள். துண்டு மடிக்கும் மேசையில் வேலை. அசமந்தம் என்று பட்டப்பெயர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எந்த வங்கி இருந்ததோ அதில் கணக்கு வைத்தவள், பிறகு மாற்றவே இல்லை. ஒவ்வொரு தடவை ஊருக்கு அனுப்பும்போதும் அந்த நாட்டுப் பணத்தில் பதினைந்து அங்கே கட்டணம்.

"ஏண்டி, வருஷத்துக்கு நூத்தி எண்பது. தண்டமா அழறியே, உனக்கு உறைக்கவே உறைக்காதா?" என்பாள் கறார் அக்கா.

"ரெண்டு பஸ் ஏறணும்க்கா. ஒரு நாள்தான் லீவு, தூங்கணும்" என்று அசமந்தம் போர்வையை இழுத்துக்கொள்வாள்.

இப்படியே போயிருக்கும். அந்த மாசம் அறைக்குப் புதுசாக ஒருத்தி வந்தாள். பேர்தான் புதுசு, வயசு ஐம்பதைத் தாண்டியாயிற்று. மகள் நர்சிங் படிக்கிறாள், இன்னும் மூன்று வருஷம் பணம் கட்ட வேண்டும், அதற்காக வந்தவள். எந்த வங்கியில் கணக்குத் திறப்பது என்று கேட்டாள். கறார் அக்காவுக்கு வெல்லம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

"நான் வாயால சொன்னா நம்பமாட்டீங்க. கண்ணால பாருங்க. நாளைக்கு நானும் இவளும் ஆளுக்கு ஆயிரம் ஊருக்கு அனுப்பறோம். ஒரே நாள், ஒரே நேரம். அங்க எவ்வளவு போய் விழுதுன்னு ரெண்டு வீட்டுலயும் கேப்போம். தோத்தவ ஒரு வாரம் நம்ம மூணு பேருக்கும் பாத்திரம் தேய்க்கணும்."

"எனக்கு வேணாம் சாமி, நான் தோத்துட்டேன்னே வெச்சுக்க" என்றாள் அசமந்தம். கறார் அக்கா விடவில்லை. எழுப்பிக் கிளப்பிவிட்டாள்.

மறுநாள் விடுமுறை. காலையில் இருவரும் அவரவர் வங்கியில் பணத்தை அனுப்பினார்கள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அசமந்தத்தின் தம்பி பேசினான். புதுசும் கேட்கட்டும் என்று கறார் அக்காவே போனைச் சத்தமாக வைத்தாள்.

"பணம் வந்துருச்சுக்கா. இருபதாயிரத்து அறுநூத்தி எண்பத்தஞ்சு."

கறார் அக்கா புதுசைப் பார்த்துக் கண்ணடித்தாள். பிறகு தன் மகளைக் கூப்பிட்டாள்.

"வந்துருச்சும்மா. இருபதாயிரத்து நூறு."

"எவ்வளவு?"

"இருபதாயிரத்து நூறு."

"மெசேஜப் பாத்து வாசி. தப்பாப் படிக்காத."

"எத்தன தடவம்மா வாசிக்கிறது? மாசாமாசம் இப்படித்தானே வருது."

கறார் அக்கா போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டணம் பிடித்தது போக அசமந்தம் அனுப்பியது தொள்ளாயிரத்து எண்பத்தைந்துதான். இவள் அனுப்பியது முழு ஆயிரம். குறைவாகப் போனது அங்கே அதிகமாய் விழுந்திருக்கிறது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை.

"போன்ல ஏதோ கோளாறு. ஊர்ல இருக்கற வங்கிக்காரன் பிடிச்சிருப்பான்" என்றாள். பிறகு மகள் மேலேயே சந்தேகம் வந்து, "எடுத்துச் செலவு பண்ணிட்டியாடி?" என்று கேட்டுவிட்டாள். மகள் போனை வைத்துவிட்டாள். அதுதான் அவளை உட்கார வைத்தது.

அசமந்தம் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். "நீ ஏண்டி தேய்க்கற?" என்று கறார் அக்கா கத்தியதற்கு, "கெடந்தா நாறும்க்கா" என்றாள்.

ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக மறுநாள் கறார் அக்கா அரை நாள் லீவு போட்டாள். இரண்டு பஸ் மாறி வங்கிக்குப் போனாள். கவுன்டரில் நம் பேச்சுப் பேசும் பெண் ஒன்று இருந்தது. எப்போதும் சிரித்துப் பேசும். அன்றும் சிரித்தது.

"தாயி, கட்டணம் இல்லன்னு சொன்னீங்களே, அப்புறம் என் காசு எங்க போச்சு?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டியது. "இங்க பாருங்கக்கா. இங்கத்திக் காசு ஒண்ணுக்கு நாங்க இருபது ரூபா பத்து பைசா தர்றோம். வெளியில இன்னைக்கு இருபத்தொண்ணு போகுது. எங்க ரேட் அது."

"அதுல நீங்க எடுத்துக்கறீங்க."

"கட்டணம்னு ஒண்ணும் எடுக்கலக்கா. ரேட்டுக்குத்தான் மாத்தித் தர்றோம். நீங்க ரேட்டப் பத்திக் கேக்கவே இல்லையே."

கறார் அக்காவுக்குக் காது அடைத்தது. பணம் போனதற்காக இல்லை. அந்தப் பேச்சை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். கேட்டிருக்கிறாளா, அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் ஹோட்டல் கணக்கப்பிள்ளை எடைமேடைக்கு வந்து சண்டை போட்டான். நீச்சல்குளத்துத் துண்டெல்லாம் சொட்டச் சொட்ட வருது, தண்ணிக்கும் சேர்த்தா எங்ககிட்ட காசு வாங்கறீங்க என்று கேட்டான். ஈரத்தோடு எடை போடச் சொல்லிக் கம்பெனி உத்தரவு. கறார் அக்கா ஸ்டூலை விட்டு எழாமலே சொன்னாள்: "தண்ணிக்குக் காசு ஒண்ணும் வாங்கலையே சார். எடைக்குத்தான் வாங்கறோம். காயவெச்சுப் போடணும்னு நீங்க சொல்லவே இல்லையே." அவன் வாயடைத்துப் போனதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் கூடமே சிரித்தது.

இப்போது அவளையே ஒன்பது வருஷமாய் யாரோ ஈரத்தோடு மேடையில் ஏற்றியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். மாசம் ஐந்நூற்றி எண்பத்தைந்து ரூபாய். வருஷம் ஏழாயிரத்து இருபது. ஒன்பது வருஷத்துக்கு அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம். ஊரில் மாடி அறைக்கு நான்கு சன்னலும் ஒரு கதவும் போடத் தச்சர் கேட்டது அறுபதாயிரம். பணம் சேரட்டும் என்று நான்கு வருஷமாக அங்கே பிளாஸ்டிக் தாள்தான் கட்டியிருக்கிறது. மழைக்கு மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்குகிறாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி நடந்து வந்தாள்.

தன்னுடையது போனது கூடப் பரவாயில்லை. அந்தப் பதினோரு பேர்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டவர்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்திக்கும் தெரியாது. அசமந்தம் சொல்லமாட்டாள், அவளுக்கு அவ்வளவு வேலை செய்ய உடம்பு வணங்காது. கறார் அக்கா என்ற பேரும் அப்படியே நிற்கும். புதுசு மட்டும்தான் பார்த்தது, அதையும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். எடைமேடைப் பக்கம் போகும் வரை இதையேதான் நினைத்தாள்.

தேநீர் இடைவேளையில் விரிப்பு தேய்க்கும் பெரிய ரோலரை நிறுத்தினார்கள். சத்தம் அடங்கியதும் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் உங்கள ஏமாத்திட்டேன். தெரிஞ்சு இல்ல, தெரியாமத்தான். ஆனா பணம் போனது போனதுதான்."

முழுக்கச் சொன்னாள். இருபதாயிரத்து நூறு, இருபதாயிரத்து அறுநூற்றி எண்பத்தைந்து, துண்டு, ஈரம், எல்லாம். கையில் பிடித்த டம்ளரை யாரும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அப்ப என்னோட ஆறு வருஷம்?" என்றாள் இஸ்திரிக்காரி.

"கணக்குப் போடாத. நான் போட்டுப் பாத்தேன். இன்னும் நெஞ்சு அடங்கல."

"நீதானேக்கா தலையணை உறைக்கு டிரைவரோட மல்லுக்கு நிப்ப" என்று ஒருத்தி. இன்னொருத்தி கோபத்தோடு எழுந்து ரோலர்ப் பக்கம் போய்விட்டாள். அவள் அடுத்த இரண்டு மாசம் கறார் அக்காவோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று இவளும் கெஞ்சவில்லை.

கடைசியில் எல்லோரும் அசமந்தத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீ எப்படிடி கண்டுபிடிச்ச?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? பஸ் ஸ்டாப்புக்கு எதுக்க இருந்துச்சு" என்றாள் அவள், துண்டை மடித்தபடி.

அடுத்த சம்பளத்துக்குக் கறார் அக்கா, அசமந்தம், புதுசு மூவரும் பஸ் நிறுத்தத்து வங்கியில் வரிசையில் நின்றார்கள். "எனக்கும் இதுவேவா?" என்று புதுசு காதில் கேட்டாள்.

"நான் சொன்னேன்னு எதுவும் செய்யாதீங்க. நீங்களே கேளுங்க."

கறார் அக்கா கண்ணாடிக்குக் கீழே குனிந்தாள். "இன்னைக்கு நான் ஆயிரம் குடுத்தா, அங்க என் மக கையில எவ்வளவு விழும்? அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்." எழுதி வாங்கினாள். இரண்டு தடவை வாசித்தாள். புதுசையும் வாசிக்கச் சொன்னாள்.

"ஆயிரத்துல கட்டணம் பதினஞ்சு தனியாக் குடுங்க" என்றான் உள்ளே இருந்தவன்.

ஒன்பது வருஷத்தில் கட்டணம் என்று ஒரு காசு கொடுத்ததில்லை. சில்லறையை எண்ணி எடுத்துக் கையில் வைத்திருந்தாள். கண்ணாடிக்குக் கீழே கை நீண்டது. விரல்தான் விரியவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"குடுக்கா, கால் வலிக்குது" என்று அசமந்தம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காசை எடுத்துத் தள்ளினாள்.