அவர் பார்க்காத என் அப்பா

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் அது. மலாக்காவில், காஜா பெராங்கில், ஒரு பலகை வீட்டின் பின்னறையில் நானும் அம்மாவும் வாடகைக்குக் குடியிருந்தோம். டவுனில் இருந்த ஓர் ஆங்கிலப் பள்ளி அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளின் பிள்ளைகள், சீனத் தவுக்கே முதலாளிமார் வீட்டுப் பிள்ளைகள், சிலோன்காரர், யூரேசியர், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ்ப் பிள்ளைகள் என்று எல்லா இனமும் கலந்து படித்த இடம். ஆசிரியர்களும் அப்படித்தான், ஆளுக்கொரு நாடு. இந்தக் காலமாக இருந்தால் பன்னாட்டுப் பள்ளி என்று பெரிய போர்டு மாட்டியிருப்பார்கள்.

அந்த வருடம் பள்ளி மலர் ஒன்று போட முடிவானது. அறிவியல் ஆசிரியர்களைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும், ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தவர், பாடம் தவிர எதில் ஆர்வம் என்று கேட்டு டைப் செய்து கொடு என்று தலைமையாசிரியர் என்னிடம் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். அதுவரை அவர்கள் கொடுக்கும் பரீட்சைத் தாளை அடித்துக் கொடுத்ததோடு சரி, உட்கார்ந்து பேசியதே இல்லை.

பௌதிகம் எடுத்த வெள்ளைக்காரர் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவராம். அப்பா, அண்ணன் எல்லோரும் சுரங்கத்துக்குள் போனவர்கள். இவருக்கு இருட்டென்றால் பயமாம், அதனால்தான் படித்தேன் என்று சிரித்தார். பாட்டுப் பாடுவதில் ஆர்வம் என்று எழுதச் சொன்னார். இரசாயனம் எடுத்தவர் மலாக்காவிலேயே தெங்கேராவைச் சேர்ந்த பாபா, பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன சீன வம்சம். வீட்டில் மலாய்தான் பேச்சு. கொல்லை நிறைய ஆர்க்கிட் வளர்ப்பவர், நான் கேட்ட ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பூவைப் பற்றியே பேசினார்.

உயிரியல் ஆசிரியர்தான் மிச்சம். அவர் யாழ்ப்பாணத்து வம்சம், சிரம்பானில் பிறந்தவர். ஒல்லியான மனிதர், கல்யாணம் ஆகாதவர், யாரோடும் அதிகம் ஒட்டமாட்டார். சனி ஞாயிறுகளில் ஜாம் பாட்டில்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கிணறுகள், கால்வாய்களில் தண்ணீர் மொண்டுகொண்டு போவார். சுகாதார இலாகா ஆள் என்று நினைத்து எங்கள் வீட்டுக்காரம்மா அவரைக் கண்டாலே வாசலைக் கூட்டத் தொடங்கிவிடுவார்.

ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் இருந்தபடியே பதில் சொன்னார். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டாராம். ஜப்பான்காரன் வந்து அது நின்றுபோனதாம். "பிறகு ரெண்டு வருஷம் சயாமிலை, ரயில் றோட்டுக் காம்பிலை, வருத்தக்காரருக்கு மருந்து கட்டுற டிரெஸ்ஸர் வேலை" என்றவர் சட்டென்று நிமிர்ந்து, "அதை எழுத வேண்டாம். வெட்டிவிடும். ஆர்வம் எண்ட இடத்திலை தண்ணி எண்டு போடும்" என்றார்.

என் கையில் பென்சில் அப்படியே நின்றுவிட்டது.

என் அப்பாவும் சயாம் போனவர்தான். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் அரிசி கொடுக்கிறார்கள் என்று சொல்லி ஆண்களைக் கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் அப்போது சிறு பிள்ளை. அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. ஒரு படம்கூட எங்களிடம் கிடையாது. சண்டை முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அப்பா வரவில்லை. வந்தவர்களில் யாருக்கும் அவரைப் பற்றித் தெரியவும் இல்லை.

அம்மா மட்டும் பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. சயாமிலேயே ஒரு வேலை கிடைத்திருக்கும், பாதை சரியானதும் வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டுக்காரம்மா மலாக்கா செட்டி, பூர்வீகம் தமிழ்நாடு, சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். போகி அன்று அவர்கள் வீட்டில் வாழையிலை வரிசையாகப் போட்டு முன்னோர்களுக்குப் படைப்பார்கள். ஒரு வருடம், உன் புருஷனுக்கும் ஓர் இலை போடட்டுமா என்று மலாயில் அன்பாகத்தான் கேட்டார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இதில் என் கல்யாணமும் மாட்டிக்கொண்டிருந்தது. புக்கிட் பாருவில் ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீஸில் கிராணி வேலை, குமாஸ்தா. தேதி குறிக்கலாம் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் அம்மா, "அவங்கப்பா வராம யாரு தார வாக்கிறது?" என்று தட்டிக்கழித்தார். அவர்கள் பொறுமையும் தீர்ந்துகொண்டு வந்தது.

அதனால்தான் அன்று அந்த ஆய்வுக்கூடத்தில் அவரிடம் கேட்டேன். பிறப்புப் பத்திரத்தில் படித்த அப்பாவின் பெயர், பிறகு தோட்டம், உயரம், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று அம்மா சொல்லிச் சொல்லி மனப்பாடமானவை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை. எத்தினையோ பேர். எல்லாற்றை முகமும் கடைசியிலை ஒரே மாதிரித்தான் வந்தது."

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, "சார், பார்த்தேன்னு சொல்லிடுங்க. காய்ச்சல்ல கஷ்டப்படாம போயிட்டாருன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்க மனசு ஒரு நிலைக்கு வரும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "காணாததைக் கண்டன் எண்டு எப்பிடிச் சொல்லிறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் விடவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் போய்க் கேட்டேன். கடைசியில் சரி என்றார்.

சனிக்கிழமை காலை அம்மாவைக் கூட்டிப் போனேன். சயாமிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மா பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலையை உடுத்தி, பூ வைத்து, பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி ஜாடிகளும் ஸ்பிரிட் வாடையுமாக இருந்த அந்த அறைக்குள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஆசிரியர் நின்றுகொண்டே பேசினார்.

நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுத்த மாதிரியே சொன்னார். உயரமான ஆள், புருவத்தில் தழும்பு, காய்ச்சலில் வந்து படுத்தார், அதிகம் கஷ்டப்படவில்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. குரல் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அம்மா அழவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா, சார்?"

"உங்கட பேரைத்தான் சொன்னவர்."

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் சொல்லிக் கொடுத்ததில் அது கிடையாது. ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று அவராகச் சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது. ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"என் பேரையா? ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டது இல்லீங்களே! 'ஏ புள்ள'ன்னுதான் கூப்பிடுவாரு. எப்படிச் சொன்னாரு? ஒருதரம் சொல்லுங்க, கேக்குறேன்."

அம்மா அவரைச் சோதிக்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டார், வாயைப் பார்த்துக்கொண்டு. அம்மாவின் பெயரை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் பதறி வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, நான் சொன்னது எல்லாம் பொய். உங்கட மனுஷனை நான் காணேல்லை. கண்டிருக்கலாம், எனக்குத் தெரியேல்லை. என்னை மன்னிக்க வேணும்."

எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துவிடலாம் போல இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். யார் செய்த ஏற்பாடு என்று புரிந்திருக்கும். ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரிடம்தான் கேட்டார்.

"அப்ப நீங்க பார்த்தது என்னா? அதச் சொல்லுங்க."

அவர் சொன்னார். மழைக்காலத்தில் வாந்தி பேதி வந்தது. கூரை ஒழுகும் கொட்டகையில் ஆட்கள் சேற்றிலேயே கிடந்தார்கள். மருந்து கிடையாது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல மட்டும்தான் இவரால் முடிந்தது, காய்ச்ச விறகும் ஈரம். ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்துச் செத்தார்கள். சொல்லும்போது அவருடைய கைகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தன. சனி ஞாயிறுகளில் ஜாம் பாட்டிலோடு அவர் ஏன் அலைகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பொதைச்சாங்களா, எரிச்சாங்களா?" அம்மா கேட்டார்.

"முதல்லை புதைச்சம். பிறகு ஏலாமல் போச்சுது. கொட்டிலோடை வைச்சு எரிச்சனாங்கள்."

"வாய்ல தண்ணி ஊத்துனீங்களா?"

"கேட்ட ஆக்களுக்கு ஊத்தினனான். எல்லாருக்கும் ஏலேல்லை, அம்மா."

யாரோடும் ஒட்டாத அந்த மனிதர் குனிந்து குலுங்கி அழுதார். அம்மாதான் எழுந்து போய் அவர் தோளில் கையை வைத்தார். அந்நிய ஆண் எதிரே வந்தாலே ஒதுங்கி நிற்கும் என் அம்மா.

"அழாதீங்க சார். அந்தக் கூட்டத்துலதான் எங்க ஆளும் இருந்திருப்பாரு."

அத்தனை வருடத்தில் அம்மா அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு நடந்து வரும்போது என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று என்னவென்று கேட்டார். அம்மா அவர் தோளில் சாய்ந்து, அடக்கி வைத்த அத்தனையையும் அழுது தீர்த்தார். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தேன். அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தும் வெறுமையாக இருந்தது. எது வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ அது நடந்துவிட்டது. என்னால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காரியம் செய்ய வேண்டும், எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார். "அங்க தண்ணி ஊத்துனவரு அவருதான். இங்கயும் அவரே ஊத்தட்டும். கேட்டுப் பாரு." சாமி கும்பிடாதவர், கோயில் பக்கமே போகாதவர், என்ன சொல்வாரோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எத்தினை மணிக்கு?" என்றார், அவ்வளவுதான்.

தெங்கேரா கரையில் ஒரு காலை வேளை. மேகம் மூடி, கடல் சேற்று நிறத்தில் கிடந்தது. கோயில் பண்டாரம் வந்திருந்தார். ஆசிரியர் வேட்டி கட்டி, சட்டையில்லாமல் நின்றார். எலும்பு எண்ணிவிடலாம் போன்ற உடம்பு. பண்டாரம் இறந்த நாள் என்னவென்று கேட்டார். யாருக்குத் தெரியும்? அம்மாதான், "மழைக்காலம்னு சார் சொன்னாரு. அப்படியே வச்சுக்குங்க" என்றார்.

இறந்தவர் பெயர் கேட்டார். சொல்லலாம் என்று நான் முன்னால் வந்தேன். அதற்குள் அம்மாவே சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அம்மா வாயால் அப்பா பெயரை நான் கேட்டதில்லை. தெளிவாக, சத்தமாகச் சொன்னார். ஆசிரியர் அதைத் திருப்பிச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

எல்லாம் முடிந்து பண்டாரம் பாத்திரங்களை எடுத்து வைக்கும்போது, "பேர் தெரியாத ஆக்களுக்கும் ஊத்தலாமோ?" என்று ஆசிரியர் கேட்டார். பண்டாரம் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "ஊத்துங்க, தம்பி" என்றார். ஆசிரியர் திரும்பிக் கடலுக்குள் இறங்கினார். எள் தீர்ந்துவிட்டது. வெறும் தண்ணீரையே இரண்டு கையாலும் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். அலை ஏறி முழங்காலைத் தாண்டியது. பண்டாரம் போய்விட்டார். தூறல் போட்டது. அம்மா கரையில் நின்றபடி, அவர் போதும் என்று திரும்பும்வரை காத்திருந்தார்.

தை மாதம் என் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டும் அம்மா முன்வரிசைக்கு வரவில்லை, தூணுக்குப் பின்னால் நின்றே பார்த்தார். ஆசிரியர் வந்து அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனார். பள்ளி மலரில் அவர் சொன்னபடியே, ஆர்வம் தண்ணீர் என்று, ஒற்றை வரிதான் வந்தது. அதைப் படித்தவர்கள் சிரித்தார்களாம். சில வருடங்களில் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிறகு சேதி இல்லை.

அவர் அன்று நான் கேட்டபடி அந்தப் பொய்யை முடித்திருந்தால் அம்மா சந்தோஷமாக நம்பியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எது நல்லது என்று இன்றுவரை என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் யாராவது சயாம் என்று சொன்னால் எனக்கு அப்பாவின் முகம் வருவதில்லை, அது எனக்குத் தெரியாத முகம்; தூறலில், முழங்கால் தண்ணீரில், தான் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் குனிந்து குனிந்து தண்ணீர் இறைக்கும் அந்த மெலிந்த முதுகுதான் வருகிறது, அதையே என் அப்பாவுக்கு ஒரு கல்லறை போல மனதில் வைத்துக் கும்பிட்டு வருகிறேன்.