ஓடாத லாரிக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒற்றை லாரியை வைத்துப் பிழைக்கும் டுவேன் பெட்ஸ்காவின் மனைவி லோர்னா. எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியது, எங்கே எவ்வளவு டீசல் போட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கத்துக்கு வரிக் கணக்கு கொடுத்துக் கொடுத்தே அவளுக்குத் தலை நரைத்தது.

கோடையில் என்ஜின் படுத்துவிட்டது. லாரி கொட்டகையிலேயே நின்றது. ஓடாத வண்டிக்கு என்ன கணக்கு என்று லோர்னா வாழ்க்கையில் முதல்முறையாக ஓய்வெடுத்தாள். அதுதான் குற்றம்.

பனி விழும் நேரத்தில் என்ஜின் சரியாயிற்று. மறுநாள் பக்கத்து மாநிலமான கொலராடோவுக்குச் சோளம் ஏற்ற வேண்டும்; பல மாதத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வாடகை. அன்றுதான் லாரியின் உரிமத்தை முடக்கிய கடிதம் வந்தது. வரி அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், வண்டி ஒரு அடிகூட நகரலையே!"

"நகரலைன்னு நீங்க எழுதித் தரலையே, மேடம்."

"நகராததுக்கு என்னத்த எழுத?"

"பூஜ்யம்னு எழுதுங்க. சரிபார்க்க நாலஞ்சு நாள் ஆகும். அதுவரை வண்டிய எடுக்காதீங்க."

சோளம் வேறொருவன் லாரியில் போயிற்று.

"இப்ப ஏன் லோர்னா வண்டி நிக்குது?" என்றான் டுவேன்.

"முன்னாடி நின்னதச் சொல்லாததால நிக்குது."

"அப்ப இப்ப நிக்கிறது?"

லோர்னா அடுத்த கணக்குத் தாளை எடுத்து இன்றைய தேதிக்கு நேரே பூஜ்யம் போட்டாள்.